ஆத்தோட பேரு ஏன் இத்தனூண்டு ஆச்சு

நீர்நாய் மீனைத் திருடித் தின்னுட்டு, திருடின வீட்டு வாசலுக்கே வந்து, "இன்னைக்கு மீன்ல சத்தே இல்லக்கா, நேத்து மாதிரி வராது"ன்னு குறை சொல்லிட்டுப் போற காலம் ஒண்ணு இருந்துச்சு. அந்தக் காலத்துல, ரொம்ப வடக்க, பாதி வருஷம் பனியும் மீதி வருஷம் பனி எப்ப வரும்ங்கிற பேச்சுமா இருக்குற ஒரு நாட்டுல, மலையில இருந்து கடல் வரைக்கும் ஒரு ஆறு ஓடிச்சு. அதுக்குப் பேரு அஹ்வா. அந்த ஜனங்க பாஷையில தண்ணின்னாலும் அஹ்வாதான், ஆறுன்னாலும் அஹ்வாதான், வெள்ளம்னாலும் அதே அஹ்வாதான். சொல்லிப் பாருங்க. ஒரு பெருமூச்சு விடுற நேரம்தான் ஆகும்.

ஆனா வெறும் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னா ஆறு கோவப்பட்டு ஆளை இழுத்துட்டுப் போயிரும்னு ஒரு பயம். அதனால பேருக்கு முன்னாடி பட்டம் சொல்லணும். முதல்ல ஒரே ஒரு பட்டம்தான் இருந்துச்சு. மலையோட மூத்த மகளே. அதோட விட்டிருக்கலாம். விடல. ஒவ்வொரு வருஷமும் பனிக்காலத்துல வேலை இல்லாம நெருப்பைச் சுத்தி உக்காந்திருக்குறப்ப ஊர் கூடி ஆளுக்கொண்ணு யோசிச்சு, அதுல ஒண்ணைச் சேர்த்துக்கிட்டாங்க. மேகத்தோட செல்லப் பேத்தியே. ஒம்பது பள்ளத்தாக்குக்கும் ஒரே தலைவியே. மீனுக்கெல்லாம் வளர்ப்புத் தாயே. போன வருஷம் ரெண்டு ஆட்டை மட்டும் எடுத்துக்கிட்ட பெரிய மனசுக்காரியே.

இப்படியே இருபத்தேழு ஆயிருச்சு. நம்ம ஊர்ல மைக்கைப் பிடிச்சவரு மேடையில இருக்குறவங்க பேரையெல்லாம் "அவர்களே, அவர்களே"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போயிருமே, அந்த மாதிரி.

ஒரு தடவை ஒருத்தன் கால் வழுக்கி ஆத்துக்குள்ள விழுந்துட்டான். கரையில நின்ன அவன் மச்சான் ஊரைக் கூப்பிடணும். "மலையோட மூத்த மகளே"ன்னு ஆரம்பிச்சான். பதினெட்டாவது பட்டத்துல விழுந்தவன் தானாவே நீந்திக் கரையேறிட்டான். இருபத்தஞ்சாவதுல துணியைப் பிழிஞ்சு காயப்போட்டான். இருபத்தேழு முடிஞ்சு, "அஹ்வாவுல எங்க மாப்பிள்ளை விழுந்துட்டாரு"ன்னு மச்சான் கத்துறப்ப, மாப்பிள்ளை பக்கத்துல நின்னு, "அப்படியா, எப்ப?"ன்னு கேட்டானாம்.

இந்தப் பட்டங்களைக் கட்டிக் காப்பாத்துறதுக்குன்னே மலையடிவார ஊர்ல ஒரு ஆளு இருந்தாரு. பேரு ராட்போடு. பதினாலாவது பட்டத்தைப் பதிமூணாவதுக்கு முன்னாடி சொல்லிட்டா அவருக்கு அன்னைக்குச் சோறு இறங்காது.

அதே ஊர்லதான் ஔதா இருந்தா. ஓடக்காரி. நாப்பது வயசு தாண்டியாச்சு, நல்லா வாட்டசாட்டமா இருப்பா. ஓடத்தைத் தள்ளுறதுக்கு முன்னாடி அவளும் இருபத்தேழையும் சொல்லித்தான் ஆகணும். அதனால அக்கரைக்குப் போறவங்க கையில ரொட்டியோட வந்து ஏறுவாங்க. பட்டம் முடியுறப்ப ரொட்டியும் முடிஞ்சிருக்கும். பனிக்காலத்துல ஆறு உறைஞ்சிட்டா ஓடம் கரையேறிரும். அப்ப ஔதா மாட்டுக் கால் எலும்பைச் செருப்புக்கு அடியில வெச்சுக் கட்டிக்கிட்டு, கையில ஒரு கம்பை ஊணி, பனி மேல சறுக்கிக்கிட்டே ஊருக்கு ஊரு சேதி கொண்டுபோவா. அந்த ஆத்து மேல அவளை மாதிரி வேகமாப் போக காத்தால மட்டும்தான் முடியும்.

அவளுக்கு ஒரே தங்கச்சி, ரூனா. ஆறு கடல்ல சேர்ற கடைசி ஊர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. தட்டையான ஊரு. குழந்தை பொறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்துச்சு. ஔதா இன்னும் பார்க்கப் போகல, பனி இளகினதும் ஓடத்துல தொட்டிலை ஏத்திக்கிட்டுப் போகலாம்னு இருந்தா.

அந்த வருஷம் பனி நிதானமா இளகல. திடீர்னு தெற்க இருந்து ஒரு வெதுவெதுப்பான காத்து ரெண்டு நாளா அடிச்சுது. மூணாம் நாள் காலையில நீர்நாய் ஔதா வாசலுக்கு வந்துச்சு. மீனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அதுலயே அவளுக்கு விஷயம் பெருசுன்னு புரிஞ்சுபோச்சு.

"அக்கா, மேல மலை இடுக்குல பனிக்கட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அணை மாதிரி நிக்குது. பின்னாடி தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. உச்சி வெயிலுக்குத் தாங்காது, உடைஞ்சிரும்."

"எவ்வளவு உயரம்டா?"

"நாலு ஔதா. நான் உயரத்தைச் சொல்றேன், அகலத்தைச் சொல்லல."

ஔதா அதை அடிக்கக்கூட நிக்கல. நேரா ராட்போடு வீட்டுக்குப் போனா.

"அண்ணே, அவங்க வர்றாங்கண்ணே. மலை இடுக்குல அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்களாம். உடைஞ்சா மொத்தமா வருவாங்க." பேரைச் சொல்லக்கூடாதுல்ல, அதான் 'அவங்க'.

"வரட்டும். நம்ம ஊரு பாறை மேல இருக்கு. நமக்கு என்ன?"

"கீழ நாலு ஊரு இருக்குண்ணே."

"இருக்கு. அதனால நீ போய்ச் சொல்லு. யாரு வேண்டாங்குறா? ஆனா முறையாச் சொல்லணும். ஒவ்வொரு ஊர்லயும் சேதிக்கல்லு மேல ஏறி நின்னு, இருபத்தேழையும் நிறுத்தி நிதானமா. வர்றவங்க எவ்வளவு பெரியவங்க. வர்ற நாளும் அதுவுமா மரியாதை கொறஞ்சா சும்மா விடுவாங்களா?"

ஔதா எலும்பைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினா. நீர்நாய் வயித்தைப் பனியில வெச்சு வழுக்கிக்கிட்டே பக்கத்துல வந்துச்சு. "நீ எதுக்குடா?"ன்னு கேட்டா. "என் பொந்து முழுகப்போகுது. இனிமே உன் வீட்லதான் இருக்கணும். நீ உசுரோட இருந்தாத்தான வீடு"ன்னுச்சு.

முதல் ஊரு ஆடு மேய்க்கிறவங்க ஊரு. ஔதா சேதிக்கல்லு மேல ஏறினா. ஜனங்க கூடுனாங்க, தொப்பியைக் கழட்டுனாங்க. அவ ஆரம்பிச்சா. ஒவ்வொரு பட்டத்துக்கும் கூட்டம் "ஆமாம்"னு சொல்லணும், அது முறை. மலையோட மூத்த மகளே. ஆமாம். மேகத்தோட செல்லப் பேத்தியே. ஆமாம். பின்னாடி மலையில இருந்து ஒரு சத்தம் கேட்டுச்சு, யாரோ பெரிய மரத்தை மெதுவா ஒடிக்கிற மாதிரி. ஔதா வேகத்தைக் கூட்டினா. இருபத்தேழை முடிச்சு வாயைத் திறக்குறா, முன்வரிசையில நின்ன ஒருத்தரு கையைத் தூக்குறாரு.

"அம்மா, பதினாலாவது சொல்றப்ப இவன் தும்மிட்டான். சரியாக் கேக்கல. இன்னொரு தடவை."

ஔதா இன்னொரு தடவை சொன்னா. அவங்க ஆமாம்னாங்க. அதுக்கப்புறம்தான் வெள்ளம்ங்கிற வார்த்தை அவ வாயில இருந்து வந்துச்சு. அது வந்தப்ப வெள்ளமே வந்துருச்சு. ஆளுங்க எல்லாம் முழங்கால் தண்ணியில புள்ளைங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு மேட்டுக்கு ஏறிட்டாங்க. தொழுவத்துல பாதியும் வைக்கோல் போரு நாலும் போயிருச்சு. தும்மினவன் ரெண்டு கையிலயும் ஆட்டுக்குட்டியோட மேட்டுல நின்னு அழுதான்.

நல்லவேளை, ஊருக்குக் கீழ ஒரு வளைவு. அங்க பனிக்கட்டி மறுபடியும் சிக்கிக் கொஞ்சம் நின்னுச்சு. அந்த இடைவெளியில ஔதா முன்னாடி பறந்துட்டா. முன்னாடி பனி, பின்னாடி தண்ணி, நடுவுல இவ.

நீர்நாய் மூச்சிரைக்கச் சொல்லுச்சு: "அக்கா, ஒரு கணக்குச் சொல்லவா? இன்னும் மூணு ஊரு. இப்படியே நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கிட்டுப் போனா, உன் தங்கச்சி ஊருக்கு நீ துக்கம் விசாரிக்கத்தான் போவ."

"வாயை மூடுடா."

"பட்டத்தை விட்டுட்டுச் சொல்லேன்."

"காலுக்குக் கீழ நிக்கிறது யாருன்னு தெரியுதா? வெறும் பேரைச் சொன்னா இங்கனயே பொளந்து என்னை உள்ள இழுத்துருவாங்க."

"நான் ஏழு வருஷமா பட்டம் சொல்லாமதான் குளிக்கிறேன்."

"நீ நாயி."

"அதுவும் சரிதான்"னுட்டு அது வழுக்கிக்கிட்டே வந்துச்சு.

ஔதா காலைப் பார்த்தா. எலும்புக்கு அடியில பனி, பனிக்கு அடியில கறுப்பாத் தண்ணி. உள்ள இழுத்தா இழுக்கட்டும்னு ஒரு மனசு. அய்யோ இழுத்துட்டா ரூனாவுக்கு யாரு போய்ச் சொல்றதுன்னு இன்னொரு மனசு. ரெண்டு மனசும் சண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஊரு வந்துருச்சு. மரம் வெட்டுறவங்க ஊரு. சேதிக்கல்லு தெரிஞ்சுது. கூட்டம் தொப்பியைக் கழட்டிக்கிட்டே வந்துச்சு.

ஔதா கல்லுகிட்ட நிக்கல. வேகத்தைக் கொறைக்கவே இல்ல. ஆத்து நடுவுல போய்க்கிட்டே, கையை மலைப் பக்கம் காட்டி, வெறும் பேரைக் கத்தினா. அஹ்வான்னுதான் கத்த நினைச்சா. குளிர்ல உதடு விறைச்சுப்போயிருந்துச்சு, கீழ் உதடு பல்லைத் தொடமாட்டேங்குது. 'வா' வரல.

"ஆஹெ."

அவ்வளவுதான் வந்துச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. பனி பொளக்கும்னு காத்திருந்தா. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தா. பனி பனியாத்தான் இருந்துச்சு.

கரையில ஒருத்தருக்கும் அசைவு இல்ல. ஒருத்தன் கோடாலியை ஓங்கினபடியே நிக்கிறான். பொறந்ததுல இருந்து அந்தப் பேரை யாரும் மொட்டையாக் கேட்டதே இல்ல. கூட்டத்துல ஒரு பொம்பளை சொன்னா: "ஔதாவே பட்டத்தை முழுங்கிட்டுப் போறான்னா, நிக்கிறதுக்கு நேரம் இல்லடி." அவ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓட ஆரம்பிச்சா. அவ பின்னாடி ஊரே ஓடிச்சு. வெள்ளம் வந்தப்ப அந்த ஊர்ல இருந்தது வெட்டிப்போட்ட கட்டை மட்டும்தான். அதுவும் மிதந்துச்சு, முழுகல.

மூணாவது ஊரு, சேத்து மண்ணை வெட்டிக் காயவெச்சு எரிக்கிறவங்க ஊரு. அங்க போறப்ப ஔதாவுக்கு நெஞ்சு எரிஞ்சுது. மூச்சுல பாதி சறுக்குறதுக்கே போயிருச்சு. மிச்சத்துல "ஆ"ன்னு மட்டும் நீட்டிக் கத்தினா. அவங்களுக்கும் அது போதுமானதா இருந்துச்சு. கையில இருந்த மண்வெட்டியோட ஓடிட்டாங்க.

கடைசி ஊரு கண்ணுக்குத் தெரிஞ்சப்ப வளைவுல சிக்கியிருந்த பனிக்கட்டி உடைஞ்ச சத்தம் பின்னாடி கேட்டுச்சு. ஔதாவோட வாயி திறந்தது திறந்தபடியே வட்டமா விறைச்சுப்போச்சு. மூடவும் முடியல, விரிக்கவும் முடியல. தூரத்துல ரூனா குழந்தையை மடியில போட்டுக்கிட்டு வெயில் காய்ஞ்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல கடலுக்கு அந்தாண்டை வடக்கு நாட்டுல இருந்து வந்த மீனவங்க, பனி இளகுறதுக்காகக் காத்துக்கிட்டுப் படகுக்குத் தார் பூசிக்கிட்டு இருந்தாங்க.

ஔதா இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினா.

"ஓ."

மீனவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ரூனா எந்திரிச்சா. அக்கா வர்றா. குழந்தை பார்க்க வர்றவ மாதிரி தெரியல. வாயி வட்டமா நிக்குது. கையி மலையைக் காட்டுது. பக்கத்துல வர்ற நீர்நாய் ஒரு குறையும் சொல்லாம வருது. ரூனாவுக்கு வேற எதுவும் தேவைப்படல. குழந்தையை இடுப்புல இறுக்கிக்கிட்டு வீட்டுக்கு வீடு ஓடி, அதே "ஓ"வை அவளும் கத்தினா. அவகிட்ட இருந்து அடுத்த வீடு, அங்க இருந்து மீனவங்க. அந்த ஊர்ல மாடு கட்டுறதுக்கு மண்ணைக் கொட்டி உயர்த்துன மேடு ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் அதுல ஏறிட்டாங்க.

ஔதாதான் ஏறல. இன்னும் முப்பது அடி இருக்குறப்ப ஆத்துப் பனி அடியில இருந்து எழும்பி, பலகை பலகையா உடைஞ்சுது. அவ நின்ன பலகை அவளையும் நீர்நாயையும் தூக்கிக்கிட்டு ஒரு சுத்துச் சுத்தி மேட்டோட ஓரத்துல வந்து இடிச்சுது. ரூனா ஒரு கையில குழந்தை, ஒரு கையால அக்கா ஜடையைப் பிடிச்சு இழுத்தா.

"ஓ, ஓ"ன்னு ஔதா ஜடையைப் பிடிச்சுக்கிட்டா.

"முடிக்கு என்ன, வளரும். ஏறு முதல்ல."

மேட்டைச் சுத்தித் தண்ணி. ஊரு போன இடம் தெரியல. ஆளு ஒண்ணு கொறையல. ரூனா எண்ணிப் பார்த்து, மறுபடியும் எண்ணிப் பார்த்து, உக்காந்துட்டா.

அப்பத்தான் ஔதாவுக்குப் பயம் வந்துச்சு. மூணு ஊர்ல மூணு தடவை வெறும் பேரைச் சொல்லியாச்சு, அதுவும் முழுசாச் சொல்லல. இப்ப அவங்களே நேர்ல வந்து மேட்டைச் சுத்தி நிக்கிறாங்க. ரூனா உதட்டைத் தேய்ச்சுச் சூடு பண்ணிவிட்டா. ஔதா மண்டி போட்டு, தலையைக் குனிஞ்சு ஆரம்பிச்சா.

"மலையோட மூத்த மகளே. மேகத்தோட செல்லப் பேத்தியே. ஒம்பது பள்ளத்தாக்குக்கும் ஒரே தலைவியே."

ஆறு திரும்பிப் பின்னாடி பார்த்துச்சு.

"யாரும்மா வர்றாங்க?"ன்னு கேட்டுச்சு.

ஔதா நிமிர்ந்தா. "உங்களைத்தான் சொல்றேன்."

"என்னையா?"

மேட்டுல இருந்த மாடு ஒண்ணு அசை போடுறதை நிறுத்திருச்சு.

"நான் இறங்கி வர்றப்ப எல்லாம் ஒவ்வொரு ஊர்லயும் நின்னு இதைத்தான் சொல்லிக்கிட்டு இருப்பீங்க. தலைவிங்கிறீங்க, அரசிங்கிறீங்க. யாரோ பெரிய ஆளு வர்றாங்க போல, நாம குறுக்க நிக்க வேண்டாம்னு நான் ஒதுங்கி ஒதுங்கிப் போவேன். எனக்கு ஏன் இத்தனை வளைவுன்னு நினைக்கிறீங்க?"

"அப்ப அந்த ரெண்டு ஆடு?"

"அது தானா வந்து விழுந்துச்சும்மா. கூப்பிட்டுச் சொல்லலாம்னு பார்த்தேன், நீங்க ஏதோ நீளமாப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

ஔதா மேட்டு ஓரத்துக்கு நகர்ந்தா. "உங்க பேரை மொட்டையாச் சொன்னேன். பாதியில விட்டேன். கடைசியில வாயை மட்டும்தான் திறந்தேன். கோவம் இல்லையா?"

ஆறு கொஞ்ச நேரம் பனிக்கட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கிட்டு இருந்துச்சு.

"கோவமா? நான் மலையை விட்டு இறங்குன நாள்ல இருந்து யாரும் என்னைக் கூப்பிட்டதே இல்ல. இன்னைக்குத்தான் ஒருத்தி மூச்சு வாங்க, கூடப் பொறந்தவளைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டா. யாரு இதுன்னு பார்க்குறதுக்காகவே அந்த வளைவுல இன்னும் கொஞ்சம் நின்னேன். நிக்காம வந்திருந்தா உன் தங்கச்சி மேடு ஏறியிருக்க மாட்டா."

நீர்நாய் ஔதா காதுல சொல்லுச்சு: "நான் சொன்னேன்ல." ஔதா அதோட வாலை மிதிச்சா.

மூணு நாள் கழிச்சு, தண்ணி வடியுறப்ப, ராட்போடு சேத்துல நடந்து வந்து சேர்ந்தாரு. நடந்ததைக் கேட்டாரு. ஒத்துக்கல. "ஆறு சும்மா உங்களுக்கு ஆறுதலுக்குச் சொல்லியிருக்கும். பெரியவங்க அப்படித்தான்"னாரு. அன்னைக்குச் சாயங்காலம் யாரும் பார்க்கலைன்னு நினைச்சுத் தனியாக் கரைக்குப் போனாரு. இந்தப் பக்கம் பார்த்தாரு, அந்தப் பக்கம் பார்த்தாரு. தொண்டையைச் செருமிக்கிட்டு, கொட்டாவி விடுற மாதிரி சத்தம் வராம, "ஓ"ன்னாரு. ஒரு சின்ன அலை வந்து செருப்பை நனைச்சுட்டுப் போச்சு. மனுஷன் அப்படியே நின்னாரு. மறுபடியும் ஒரு தடவை, இப்பக் கொஞ்சம் சத்தமா. மறுபடியும் அலை. இருட்டினப்புறம்தான் திரும்பி வந்தாரு. செருப்பு ரெண்டு நாளா மேட்டுல ரூனா மூட்டுன அடுப்புகிட்ட காய்ஞ்சுது.

அதுக்கப்புறம் ஊருக்கு ஊரு ஒரு சண்டை வந்துச்சு, எது சரியான பேருன்னு. மரம் வெட்டுறவங்க "எங்க காதால கேட்டோம், ஆஹெதான்"னாங்க. சேத்து மண்ணுக்காரங்க "ஆ"ன்னாங்க. வடக்கு மீனவங்க, "எங்களைக் காப்பாத்துனது ஓதான், எங்க ஊரு ஆத்தையெல்லாம் இனிமே அப்படித்தான் கூப்பிடுவோம்"னு சொல்லிட்டுப் படகைத் தள்ளிட்டாங்க. ஆறுகிட்டயே போய்க் கேட்டாங்க. "எதைச் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பேன், நீளமா மட்டும் வேண்டாம்"னுருச்சு. ரூனா ஊரு மேடு தண்ணி நடுவுலயே நின்னுபோச்சு. சுத்தியும் ஆறு இருக்குற நிலம்னு, ஆத்துப் பேர்லயே ஒரு துணுக்கைக் கிள்ளி அந்த நிலத்துக்கும் வெச்சுட்டாங்க. இன்னைக்கும் அந்தப் பக்கத்துத் தீவுங்க பேருக்குப் பின்னாடி ஒரு "ஏ"யோ ஒரு "ஓய்"யோ வால் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும்.

அன்னையில இருந்துதான், மலைப்பக்கம் ஆஹென்னும், தாழ்ந்த நாட்டுல ஆன்னும், கடலுக்கு அந்தாண்டை ஓன்னும், வாயைத் திறந்ததுமே ஆத்தோட பேரு முடிஞ்சுபோயிருது. மிச்ச மூச்சை அந்த ஜனங்க ஓடுறதுக்கு வெச்சிருக்காங்க.